விட்டதும் விடுபட்டதும்: மனச்சோர்வு மாத்திரைப் பிரதிகளை வாசித்தல்

1

மனச்சோர்வு மாத்திரைகள் குறித்துக் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்தில் எழுதிக் குவிக்கப்பட்டுள்ள தன்வரலாற்றுப் பிரதிகளை வரிசையாக வைத்துப் படிக்கிறவருக்கு ஒரு விஷயம் உறுத்தும். மாத்திரையைத் தொடங்கிய நாளுக்கு இவற்றில் ஒரு கதை இருக்கிறது. நிறுத்திய நாளுக்குப் பெரும்பாலும் இல்லை. தொடங்கியதற்கு ஒரு முன், ஒரு பின், நடுவில் ஒரு திருப்பம் எல்லாம் உண்டு. நிறுத்தியது பின்னுரையில் ஒரு பத்தியாக வரும், அல்லது மறுபடி தொடங்குவதற்கான நியாயமாக வந்து போகும். இந்த இடைவெளி தற்செயலானது அல்ல. மருத்துவ அதிகாரமும் அதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிற நம்முடைய அரசியலும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொள்கிற இடம் இது என்பதே என் வாதம்.

ஃப்ளூக்ஸெட்டின் என்கிற வேதிப்பொருள் புரோசாக் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1987 டிசம்பரில். 1993இல் பீட்டர் கிரேமர் என்ற மனநல மருத்துவர் 'லிசனிங் டு புரோசாக்' எழுதினார். அதில் டெஸ் என்ற புனைபெயரில் ஒரு பெண் வருகிறார். வறுமைக் குடியிருப்பில் வளர்ந்தவர், உடன்பிறந்தவர்களை ஆளாக்கியவர், உழைத்து நிர்வாகப் பதவிக்கு வந்தவர், பிறகு சோர்வில் விழுந்தவர். மாத்திரை அவரை நோயிலிருந்து மீட்டதோடு நிற்கவில்லை. கூச்சம் போய்விட்டது, ஆண் நண்பர்கள் வருகிறார்கள், அலுவலகத்தில் குரல் உயர்கிறது. கிரேமர் மருந்தை நிறுத்துகிறார். சில மாதங்கள் கழித்து டெஸ் திரும்பி வந்து, சோர்வு இல்லை, ஆனால் நான் நானாக இல்லை என்கிற பொருள்பட ஏதோ சொல்ல, மாத்திரை மறுபடி தொடங்கப்படுகிறது. மாத்திரையோடு இருந்த டெஸ்தான் அசல் டெஸ்ஸா என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்த ஒரு கேள்விதான் கிரேமரின் புத்தகத்தை உலகம் முழுக்க விற்றது.

நல்ல கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை இல்லாத அந்த மாதங்களில் டெஸ்ஸுக்கு என்ன நடந்தது? தூக்கம் எப்படி இருந்தது, உடம்பு என்ன சொன்னது, எந்த வாரத்தில் எது வந்து எது போனது? பிரதி அந்த மாதங்களைத் தாண்டிக் குதித்து விடுகிறது. நிறுத்துதல் அங்கே ஓர் அனுபவமாக இல்லை. மாத்திரையின் மகிமைக்கு ஒரு சாட்சியமாக மட்டும் இருக்கிறது. டெஸ் பேசுகிறார், ஆனால் அவர் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

1994இல் வந்த எலிசபெத் வர்ட்ஸெல்லின் 'புரோசாக் நேஷன்' தலைப்பிலேயே மாத்திரையை வைத்திருக்கிறது. படித்தவர்களுக்குத் தெரியும், மாத்திரை வருவது கிட்டத்தட்ட முடிவில். அதற்கு முந்தைய பக்கங்கள் பூராவும் சோர்வுதான். மாத்திரை வந்ததும் கதை முடிந்து விடுகிறது, பின்னுரையில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். நம் மரபில் இந்த அமைப்பு புதிதில்லை. சூலைநோய் வந்து, பொறுக்கமாட்டாமல் தமக்கையிடம் போய், நீறு வாங்கிப் பூசி, ஆட்கொள்ளப்பட்ட திருநாவுக்கரசரின் கதை நமக்குத் தெரியும். நோய், வேதனை, அருள் என்கிற மூன்று படி. ஆட்கொள்ளப்பட்டவர் பிறகு வெளியேறினால் என்ன ஆகும் என்று புராணம் கேட்பதில்லை. கேட்டால் அது புராணமாக இருக்க முடியாது.

லாரன் ஸ்லேட்டர் இவர்களில் கொஞ்சம் வித்தியாசமானவர். 1988இலேயே மாத்திரையைத் தொடங்கியவர். 1998இல் வந்த 'புரோசாக் டயரி'யில், நோய் போனதும் அவருக்குத் தெரிந்திருந்த வீடே போய்விட்டது போன்ற ஒரு தவிப்பை எழுதுகிறார். 2018இல் இன்னொரு புத்தகம் எழுதி, பல பத்தாண்டு மருந்து வாழ்க்கை தன் உடம்புக்குச் செய்ததையும் கணக்கெடுக்கிறார். வில்லியம் ஸ்டைரனின் 'டார்க்னஸ் விசிபிள்' (1990) வேறொரு வகையில் கவனம் கொள்ளத்தக்கது. 1985இல் அவர் விழுந்ததற்கு முன்பு, பல்லாண்டுக் குடி திடீரென்று நின்றுபோயிருந்தது. அதையும், ஹால்சியன் என்கிற தூக்க மாத்திரையையும் அவரே காரணங்களில் சேர்க்கிறார். அதாவது இவ்வகை எழுத்தின் முன்னோடிப் பிரதியிலேயே 'விட்டதன் விளைவு' என்ற இழை கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அன்று அதிகமில்லை.

2

பெயர் வைப்பது அதிகாரத்தின் முதல் வேலை. குடியையோ ஹெராயினையோ நிறுத்தினால் வருவதற்கு ஆங்கில மருத்துவத்தில் 'வித்ட்ராயல்' என்று பெயர். தமிழில் 'விலகல் குறிகள்' எனலாம். டயாசிபாம் வகை மாத்திரைகள் கோடிக்கணக்கில் விழுங்கப்பட்டு, அவற்றை விடமுடியாமல் மக்கள் பட்ட பாடு எழுபதுகள் எண்பதுகளில் வெளியே வந்தபின், அந்தச் சொல் மருந்துக் கம்பெனிகளுக்குக் கெட்ட சகுனமாகிவிட்டது. புரோசாக் வகை மாத்திரைகள் விற்கப்பட்டதே இவை அப்படிப்பட்டவை அல்ல என்ற வாக்குறுதியின் மீதுதான்.

1996இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வல்லுநர்கள் கூடினார்கள். செலவு எலி லில்லி கம்பெனியுடையது, புரோசாக்கைத் தயாரித்தவர்கள். அந்தக் கூட்டத்தின் கட்டுரைகள் அடுத்த ஆண்டு ஒரு மருத்துவ இதழின் இணைப்பாக வந்தன. அங்கே நிலைபெற்ற சொல் 'டிஸ்கன்டினியுவேஷன் சிண்ட்ரோம்', அதாவது தொடர்ச்சி நின்றதால் வரும் குறிகளின் தொகுப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொல்லையைப் பேச லில்லிக்கு வியாபாரக் காரணமும் இருந்தது. ஃப்ளூக்ஸெட்டினும் அது உடம்பில் மாறி உருவாகும் பொருளும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். போட்டிக் கம்பெனியின் பராக்ஸெட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் போதும். வென்லாஃபாக்ஸினுக்குச் சில மணி நேரம். ஆகவே ஒரு வேளை மாத்திரை தவறினால் போட்டியாளருடையது அடிக்கும், நம்முடையது அடிக்காது. தொல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும், அது அடிமைத்தனம் என்று யாரும் சொல்லிவிடவும் கூடாது. இந்த இரண்டு தேவையும் சந்தித்த இடத்தில் பிறந்தது அந்தச் சொல். சொல்லாடல் என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தோமே, அது ஹோட்டல் அறையில் ரசீது போட்டு உற்பத்தியாவதை இங்கே பார்க்கலாம்.

நோயாளிகள் வேறு சொல் வைத்திருந்தார்கள். 2002 அக்டோபரில் பிபிசியின் 'பனோரமா' பராக்ஸெட்டின் குறித்து ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதைப் பார்த்தவர்கள் அனுப்பிய 1,374 மின்னஞ்சல்களைச் சார்லஸ் மெடாவர், ஆண்ட்ரூ ஹெர்க்சைமர் முதலியோர் வாசித்து ஆய்வாக எழுதினார்கள். என் கணக்கில் இந்தத் துறையில் நடந்த முதல் உருப்படியான இலக்கிய விமர்சனம் அதுதான். மருத்துவர்கள் 'தலைசுற்றல்' என்று பெட்டியில் டிக் அடித்துக்கொண்டிருந்த இடத்தில், ஜனங்கள் தலைக்குள் மின்சாரம் பாய்வதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், ஒரே உருவகம். இதே உருவகம் ஆங்கிலத்தில் 'பிரெயின் ஜாப்' என்று பெயராகிப் பின்னால் மருத்துவ இதழ்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. விளிம்பிலிருந்து மையத்துக்குப் போன சொல். ஆனால் போவதற்கு எத்தனை வருஷம் பிடித்தது பாருங்கள். இந்தக் குறிகள் வழக்கமாக லேசானவை, ஒரு வாரத்தில் அடங்குபவை என்கிற வாசகம் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டலில் 2019 அக்டோபர் வரை இருந்தது.

3

பெயரைவிடச் சிக்கலானது வாசிப்பு. மாத்திரையை விட்டபின் ஒருவருக்குத் தூக்கம் போகிறது, அழுகை வருகிறது, பதற்றம் வருகிறது. இது பழைய நோய் திரும்பியதா, மருந்து விலகுவதன் எதிர்வினையா? குறிகள் ஏறக்குறைய ஒன்றே. குறிப்பான் ஒன்று, குறியீடு இரண்டு. எது என்று முடிவு செய்கிறவர் கையில் அந்த மனிதரின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது. நோய் என்று வாசித்தால் மாத்திரை தொடரும், 'பாத்தியா, உனக்கு இது வேணும்னு உடம்பே சொல்லுது' என்பார்கள். விலகல் என்று வாசித்தால் பொறுத்திருந்து மெதுவாக இறங்கலாம். இரண்டில் எப்படித் தவறினாலும் ஆபத்து உண்டு. நிஜமாகவே திரும்பி வருகிற நோயை 'மருந்து விலகுதுப்பா, போயிடும்' என்று விட்டு உயிரை இழந்தவர்கள் உண்டு.

எண்களும் இங்கே பிரதிகள்தான். 2021இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், நீண்டகாலம் மருந்தில் இருந்து நலமாக உணர்ந்த 478 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டில் நோய் திரும்பியவர்கள், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். மருந்தின் பக்கம் நிற்பவர் இதை வைத்து நிறுத்தாதே என்பார். எதிர்ப்பக்கம் நிற்பவர், நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார். விலகல் குறிகள் எத்தனை பேருக்கு வரும் என்பதிலும் இதே கதை. 2019இல் ஒரு மீளாய்வு பாதிப்பேருக்கு மேல் என்றது. 2024இல் இன்னொன்று, மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் என்றது. அந்த 17 எனக்குப் பிடித்த எண். எதிர்பார்ப்பும் அச்சமும் உடம்பில் எழுதுகின்றன என்பதற்கு அத்தாட்சி அது. அதைக் காட்டி மீதிப்பேரின் மின்சாரத்தைக் கற்பனை என்று தள்ளுவது வேறு விஷயம், அது அயோக்கியத்தனம்.

இங்கே என் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து கொஞ்சம். எஸ்சிட்டலோப்ராம் பத்து மில்லிகிராம், மூன்று ஆண்டு. அது எனக்கு வேலை செய்தது, இதைச் சொல்லியாக வேண்டும். படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்க முடிந்தது. அந்தப் பல் தேய்ப்பை எந்தக் கோட்பாடும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. நிறுத்தலாம் என்று முடிவானபோது, எனக்குப் பார்த்த மருத்துவர் பத்தை ஐந்தாக்கி ஒரு மாதம், பிறகு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து வரை பிரச்சினையில்லை. ஐந்து பூஜ்யமான நாலாவது நாள், கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மண்டைக்குள் 'சரக்'கென்று கரண்ட். பேருந்தில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுகை. அவரிடம் போய்ச் சொன்னேன், 'சார், கண்ண திருப்புனா ஷாக் அடிக்குது.' அவர் தலை நிமிரவில்லை. 'பழசு திரும்புது, பத்தே போடுங்க.' என் பழைய சோர்வில் எந்நாளும் கரண்ட் அடித்ததில்லை. அந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்கிற காது அந்த அறையில் இல்லை.

அடுத்த முறை வேறொருவர். எதையும் வாக்களிக்கவில்லை, ஒரு நோட்டு வாங்கித் தினம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மாத்திரையை ஐந்துக்குக் கீழே எப்படி உடைப்பது? எங்கள் ஊர்க் கடைகளில் சொட்டு மருந்தாக எனக்குக் கிடைக்கவில்லை. நகைப் பட்டறை வைத்திருக்கிற நண்பனின் எலெக்ட்ரானிக் தராசில் பொடித்து நிறுத்தோம். பத்து மில்லிகிராம் மாத்திரை பத்து மில்லிகிராம் எடை இருக்காது, பெரும்பகுதி வெறும் மாவுப்பொருள். விகிதம் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். அளவை அந்த மருத்துவர் சரிபார்ப்பார். நோட்டையும் படிப்பார், நிஜமாகவே பக்கம் திருப்பி. ஒரு பக்கத்தில் 'கரண்ட் இல்லை, ஆனா கோவம்' என்று இருந்ததைச் சுட்டி, கோவம் காலையிலா மாலையிலா என்று கேட்டார். பதினோரு மாதம் பிடித்தது.

இந்தத் தராசு வேலையின் தர்க்கம் மருத்துவ இதழில் தெளிவாக வந்தது 2019இல். எழுதியவர்கள் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர். மருந்தின் அளவும் மூளையில் அதன் பிடியும் நேர்கோட்டில் போவதில்லை. சிட்டலோப்ராம் இருபது மில்லிகிராமில் பிடி ஏறக்குறைய 80 சதவீதம். இருபதைப் பத்தாக்கினால் கொஞ்சம்தான் தளரும். ஐந்தைப் பூஜ்யமாக்கினால் பாதிக்கு மேல் ஒரே அடியாகப் போய்விடும். மாடிப்படியில் மேலே பத்துப் படி சின்னச் சின்னதாக இருந்து, கடைசிப் படி மட்டும் கிணறாக இருப்பது மாதிரி. ஹொரோவிட்ஸ் மனநல மருத்துவம் பயின்றவர், தானே மாத்திரையை விடும்போது வதைபட்டவர், படித்த பாடப் புத்தகத்தில் கிடைக்காததை நோயாளிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட குறிப்புகளிலிருந்து கற்றதாக வெளிப்படையாகச் சொன்னவர். நகவெட்டியால் மாத்திரையைச் சுரண்டியவர்களும், காப்ஸ்யூலைத் திறந்து மணிகளை எண்ணியவர்களும் இந்த வளைகோட்டை உடம்பால் முன்பே வரைந்திருந்தார்கள்.

4

இப்போது நம் தரப்பு. தொண்ணூறுகளில் ஃபூக்கோவைத் தமிழில் வாதித்துக்கொண்டிருந்த நாட்களில், பைத்தியத்தின் வரலாறு குறித்த அவருடைய 1961ஆம் ஆண்டு நூலிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது, பினெல் சங்கிலியை அவிழ்த்தது விடுதலை அல்ல, சங்கிலி உள்ளே போனது என்பதைத்தான். அதே ஆண்டு வந்த தாமஸ் சாஸின் நூல் மனநோயே ஒரு தொன்மம் என்றது. இவற்றின் சாரத்தை மட்டும் பிழிந்து, 'மாத்திரை என்பது அரசின் ரசாயனச் சங்கிலி' என்று கூட்டங்களில் பேசிக் கைதட்டல் வாங்கினோம். பிறகு 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பற்றியது. ஓடமுடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். அவர்கள் காலில் இருந்தது இரும்புச் சங்கிலி. அதற்குப் பிறகும் மாத்திரையைச் சங்கிலி என்று உருவகிப்பவர் எந்த ஊரில் நின்று பேசுகிறார் என்று கேட்கத்தான் வேண்டும்.

மார்க் ஃபிஷர் 'கேபிடலிஸ்ட் ரியலிசம்' (2009) நூலில் வைக்கும் வாதம் இதைவிட நேர்மையானது. மூளையில் ரசாயனம் குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், இத்தனை பேருக்கு ஏன் குறைகிறது என்பது சமூகக் கேள்வியாக மிஞ்சுகிறது என்பார். செரோட்டோனின் குறைவுதான் சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் ஜோயன்னா மான்கிரீஃப் குழுவினரின் மீளாய்வு சொன்னதும் நம் தோழர்கள் சிலர் வெடி போட்டார்கள். விளக்கம் பொய்த்ததால் மருந்து பொய்த்துவிடாது. 522 சோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட ஓரளவு மேலாகவே நின்றன. 'ஓரளவு' என்பதை அடிக்கோடிட வேண்டும், அழிக்கக் கூடாது.

விடுதலைக் கதையாடல் எழுதப்படாமல் இல்லை. லாரா டெலானோவின் 'அன்ஷ்ரங்க்' (2025) நிறுத்தியவரின் முழுநீளப் பிரதி. பதினான்கு ஆண்டுகளில் பத்தொன்பது மருந்துகள், 2010இல் எல்லாவற்றையும் விடுகிறார். தன் மருத்துவக் கோப்புகளையே எடுத்து வைத்துக்கொண்டு, தன்னை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திருப்பி வாசிக்கிற இடங்கள் அபாரம். நமக்கு வேண்டிய விமர்சன முறை அது. ஆனால் கதையைத் திருப்புவது எது? ராபர்ட் விட்டேக்கரின் ஒரு புத்தகம். தற்செயலாகக் கண்ணில் பட்டு, படித்து, கண் திறக்கிறது. மறுபடியும் ஆட்கொள்ளல்தான், தெய்வம் மாறியிருக்கிறது. எல்லோரும் மருந்தை விட வேண்டும் என்று டெலானோ சொல்லவில்லை, அந்தப் பொறுப்பு அவரிடம் இருக்கிறது. ஆனாலும் வடிவம் தன் வேலையைச் செய்கிறது. வாசித்து முடிக்கிறவர் கையிலிருக்கும் பட்டையைக் குப்பைத் தொட்டியில் எறியத் தோன்றும்படியாக அது கட்டப்பட்டிருக்கிறது. எறிந்தால் நாலாவது நாள் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

5

இன்னொன்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன பிரதிகள் எல்லாவற்றிலும் நிறுத்துவது ஒரு முடிவு. யாரோ தீர்மானிக்கிறார்கள், டாக்டரோ எழுத்தாளரோ. 'நிறுத்தினேன்' என்ற பிறவினை. நம்மூரில் நான் கேட்டதெல்லாம் 'நின்னுபோச்சு' என்கிற தன்வினைதான். பொருளின் மூலக்கூறுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது 1970ஆம் ஆண்டுச் சட்டம். 2005 வரை அந்த நிலை நீடித்ததால் இங்கே இந்த மாத்திரைகள் பல கம்பெனிகளின் பெயரில், மலிவாக, புகழ் ஏதுமின்றி வந்து சேர்ந்தன. புரோசாக் என்ற பெயரைச் சுற்றி அங்கே எழுந்த தன்வரலாறுகள் கூட வரவில்லை. மாத்திரை வந்தது, பிரதி வரவில்லை. அதனால்தான் இங்கே அது இன்னமும் 'நரம்பு மாத்திரை', கொடுப்பவர் 'நரம்பு டாக்டர்'. மனம் என்ற சொல்லைத் தவிர்த்து நரம்பில் கொண்டுபோய் வைத்த ஜனங்களின் சாமர்த்தியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண் இருக்கிற வீட்டில் நரம்புக்கு மருந்து சாப்பிடலாம், மனதுக்குச் சாப்பிட முடியாது.

இந்த நரம்பு மாத்திரை நின்றுபோகும் விதங்களைப் பட்டியல் போட்டால் அமெரிக்கத் தன்வரலாறுகளில் காணாத ஓர் உலகம் தெரியும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் வாங்கப் போனால் ஒருநாள் கூலி போகும். மகன் வேலைக்கு வெளியூர் போனான், வாங்கித் தர ஆளில்லை. சீட்டு பழசாகிவிட்டது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். மாமியார் பார்த்துவிட்டார். கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். விரதம். இவற்றில் எதுவும் நிறுத்தும் முடிவு அல்ல. 'டிஸ்கன்டினியுவேஷன்' என்ற கம்பெனிச் சொல்லிலும் நிறுத்தியவர் யாரென்று தெரியாது. அங்கே பொறுப்பை மறைக்க எழுவாயை எடுத்தார்கள். இங்கே எழுவாயாக இருக்க அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பே வரவில்லை. இரண்டு மௌனமும் ஒன்றல்ல.

எங்கள் தெருவில் பூக்கட்டுகிற ஓர் அம்மாளிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்குகிறவர். அவர் சொன்னது: 'ரெண்டு வருசம் போட்டேன் தம்பி, வெள்ளையா சின்னதா இருக்கும். தூக்கம் வந்துச்சு, பூ கட்ட முடிஞ்சுது. மழையில ஆஸ்பத்திரி போவல, நின்னுபோச்சு. பத்து நாளு மண்டைக்குள்ள பூச்சி ஓடுன மாரி. மருமவ, காத்து கருப்பு அண்டிருச்சுன்னு தர்காவுக்குக் கூட்டிப்போயி மந்திரிச்சா. அப்பறம் சரியாப் போச்சு.'

பூச்சி என்றது என் கரண்ட்டாக இருக்கலாம். தர்காவில் ஓதியதால் போனதா, பத்து நாளில் தானே அடங்கியதா? அந்த 17 சதவீதத்தில் அவர் சேர்த்தியா? சோர்வு திரும்பவில்லையா, திரும்பியும் அதைச் சோர்வு என்று அவர் அழைக்கவில்லையா? 'இப்ப தூக்கம் வருதாம்மா' என்று கேட்டேன். 'அது எங்க வருது' என்றார், கை நிற்காமல் கட்டிக்கொண்டே.